ஹாலோ பிளாக் கற்களால் காய்கறி மேட்டுப்பாத்தி அமைக்கும் முறை

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்து, பிறகு மனைகளாகப் பிரிக்கப்பட்ட சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வீடு கட்டியவர்கள் கொல்லையில் காய்கறி போடும்போது பெரும்பாலும் ஒரே சிக்கலைத்தான் சந்திக்கிறார்கள். மேலே அரை அடிக்கு, கட்டட வேலையின்போது கொட்டிய செங்கல் துண்டும் காய்ந்த கலவைக் கட்டியும் கலந்த மண் கிடக்கும். அதற்குக் கீழே, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தும் ஐப்பசி மழையில் குழைந்தும் போகிற களிமண் இருக்கும். ஆடியில் நட்ட கத்தரி புரட்டாசி வரை செழித்து நின்று, காய்க்கத் தொடங்கும் வேளையில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கிற ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டுவதால், இத்தகைய மண்ணைத் திருத்த முயல்வதைவிட அதற்கு மேலே ஒன்றேகால் அடி உயரத்துக்கு நல்ல மண்ணை நிறுத்திப் பயிர் செய்வது எளிது.

அப்படி நிறுத்துவதற்கு மரப்பலகையை வைத்தால் இரண்டு மழைக்குள் கரையான் தின்றுவிடுகிறது. செங்கல் வைத்துக் கட்டினால் கலவையும் கொத்தனார் கூலியும் சேர்ந்துகொள்வதோடு, களிமண் சுருங்கி விரியும்போது பூச்சில் வெடிப்பும் விடுகிறது. ஹாலோ பிளாக் கல் தன் எடையாலேயே நிற்கக்கூடியது என்பதால், ஒன்றேகால் அடிப் பாத்திக்குக் கலவையே தேவைப்படாது. கற்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக மிகுதியான நீர் கசிந்து வெளியேறிவிடுவதும் ஒரு வசதி. கலவை வைத்து அடைத்தால் அந்த நீரை வெளியேற்றத் தனியாகத் துளை விட வேண்டியிருக்கும்.

கல்லைப் பார்த்து வாங்குதல்

நம் ஊரில் ஹாலோ பிளாக் போடும் இடங்களில் கற்கள் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்டிருக்கும். தடிமன் மட்டும் 4, 6, 8 அங்குலம் என மாறும். 'நாலு இஞ்ச் கல்', 'ஆறு இஞ்ச் கல்', 'எட்டு இஞ்ச் கல்' என்று கேட்டால் இந்தத் தடிமனைத்தான் குறிக்கும். நாலு இஞ்ச் கல் ஈரமண்ணின் அழுத்தத்தைத் தாங்காமல் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். எட்டா ஆறா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும் இடத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கல்லின் முதிர்ச்சி. நன்றாகத் தண்ணீர் காட்டிப் பதப்படுத்திய கற்கள் இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும். அவசரத்தில் எடுத்த கல் மந்தமாக ஒலிப்பதோடு, ஆணியால் கீறினால் மாவாக உதிரும். போட்டுப் பதினைந்து நாளாவது ஆன அடுக்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவது, கல்லில் உள்ள குழி. இருபுறமும் திறந்த குழியுள்ள கல்லும் உண்டு, கலவை உள்ளே விழாமலிருக்க ஒரு பக்கம் மெல்லிய தகடுபோல் மூடிய கல்லும் உண்டு. சுவர் கட்டுபவர்களுக்கு மூடிய கல்தான் வசதி. பாத்திக்கோ திறந்த கல்தான் வேண்டும், ஏனென்றால் மூடிய குழியில் செடி வைத்தால் நீர் தேங்கி வேர் அழுகும். மூடிய கல்தான் கிடைக்கிறது என்றால், உளியால் அந்தத் தகட்டை நடுவில் தட்டித் துளைத்துக்கொள்ளலாம்; மென்மையாகத் தட்டினால் கல் உடையாது. மூன்றாவது, எடை குறைந்த வெள்ளை ஏஏசி பிளாக்கைக் கடைக்காரர் காட்டினால் மறுத்துவிடுங்கள். அது பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் என்பதால், ஈரமண்ணோடு எந்நேரமும் ஒட்டிக்கிடக்கும் வேலைக்குப் பொருந்தாது.

சிமெண்ட் கல்லிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும் என்ற அச்சம் முற்றிலும் பொய்யல்ல. புதுக் கல்லை ஒட்டிய இரண்டு மூன்று அங்குல மண்ணில் அது தெரியும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரும் பெரும்பாலும் கடினநீராக இருப்பதால், அந்த ஓரத்துச் செடிகளின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்றப் பகுதி மஞ்சளாகும். இது இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் போவதன் அடையாளம். கற்களை இறக்கியவுடன் அடுக்காமல் இரண்டு மூன்று வாரம் வெளியில் போட்டு, நாள்தோறும் நனைத்துவிட்டால் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்பில் ஒரு பகுதி கழுவிப் போகும். மக்கிய உரம் தாராளமாகக் கலந்த மண் மீதியைச் சமாளித்துக்கொள்ளும். பழைய வீட்டை இடித்த கல் கிடைத்தால், பூச்சும் பெயிண்டும் ஒட்டாதவையாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

அகலத்தில் செய்த பிழை

நான் முதலில் கட்டிய பாத்திக்கு எட்டு இஞ்ச் கல்லை எடுத்தேன். பாத்தியின் அகலம் நான்கடிக்கு மிகாமல் இருந்தால் இருபுறமிருந்தும் நடுவை எட்டலாம் என்று எல்லா இடங்களிலும் சொல்லியிருப்பதை நம்பி, உள்ளகலம் சரியாக நான்கடி வரும்படி அடுக்கினேன். பலகைப் பாத்திக்கு அந்தக் கணக்கு சரி. கல் பாத்தியில் கை மண்ணைத் தொடுவதற்கு முன் எட்டு அங்குலச் சுவரைத் தாண்ட வேண்டும் என்பதை நான் எண்ணவில்லை. நடுவை எட்ட 32 அங்குலம் குனிந்து நீட்ட வேண்டியிருந்தது. என் அம்மா நடு வரிசைக் கத்தரிக்காயைப் பறிக்க ஒரு காலைச் சுவரில் ஊன்றி, மறு காலைப் பாத்திக்குள்ளேயே வைக்கத் தொடங்கினார். மண் மிதிபடக்கூடாது என்பதற்காகத்தானே பாத்தியையே உயர்த்தினோம்.

எனவே ஆறு இஞ்ச் கல்லையே பரிந்துரைக்கிறேன். அதில் உள்ளகலம் மூன்றரை அடி வரும். சுவரையும் சேர்த்து நடுவுக்கு 27 அங்குலம்தான். கல் ஒன்று 15 கிலோவை ஒட்டியே இருப்பதால் ஒருவரே தூக்கி வைக்கவும் முடியும். மதிலை ஒட்டி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகும் பாத்தியானால் உள்ளகலம் இரண்டடியைத் தாண்ட வேண்டாம்.

கல்லை உடைக்காத கணக்கு

கல்லின் அளவுக்கேற்பப் பாத்தியை வகுத்தால் ஒரு கல்லையும் உடைக்க வேண்டியதில்லை. நீளச் சுவருக்கு ஆறு கல், அகலச் சுவருக்கு மூன்று கல் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் இரண்டு நீளச் சுவர்களுக்கு நடுவே அகலச் சுவர்களைச் செருகினால், அடுத்த வரியில் இணைப்பு மாற்றி வைக்கும்போது ஆறு இஞ்ச் கல்லில் கணக்கு உதைக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சுவரும் ஒரு மூலையில் தொடங்கி, அடுத்த மூலைக்கு ஆறு அங்குலம் முன்பாகவே நின்றுவிடும்படி சுற்றிவர வையுங்கள். கிழக்குச் சுவர் தென்கிழக்கு மூலையில் தொடங்கி வடக்கே ஆறு கற்கள் ஓடும். அது விட்ட ஆறு அங்குல இடத்தை வடக்குச் சுவரின் முதல் கல் அடைத்துக்கொண்டு, மேற்கே மூன்று கற்கள் போகும். அது விட்ட இடத்தை மேற்குச் சுவரும், மேற்குச் சுவர் விட்டதைத் தெற்குச் சுவரும் அடைக்கும். தெற்குச் சுவர், கிழக்குச் சுவர் தொடங்கிய கல்லின் பக்கவாட்டில் வந்து முட்டி முடியும். இரண்டாவது வரியை இதற்கு நேர் எதிர்த்திசையில் சுற்றினால், மேல்வரி இணைப்புகள் கீழ்வரி இணைப்புகளிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி விழுவதோடு நான்கு மூலைகளும் பின்னிக்கொள்ளும்.

வரிக்கு 18 கல் வீதம் இரண்டு வரிக்கு 36 கற்கள். இரண்டு மூன்று கூடுதலாக வாங்கினால் உடைந்தாலும் கவலையில்லை. மொத்தம் அரை டன்னை ஒட்டி வருவதால், ஒரு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) ஒரே நடையில் கொண்டுவந்துவிடும். வெளி அளவு எட்டரை அடிக்கு நாலரை அடி, உள் அளவு ஏழரை அடிக்கு மூன்றரை அடி, உயரம் 16 அங்குலம்.

இந்தப் பாத்தியை மொட்டை மாடியில் அமைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு; கூடாது. நனைந்த மண் நிரம்பிய நிலையில் இது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ அழுத்தும். ஆட்கள் நடமாடும் மாடித் தளத்துக்கு நம் நாட்டுக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடிக்குப் பைகளே போதும்.

இடமும் திசையும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக, வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் ஈரமும் கரையானும் வீட்டுக்குள் வழி கண்டுபிடிக்கும். கழிவுநீர்த் தொட்டிக்கு மேலும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அருகிலும் வேண்டாம். இரண்டு பாத்திகளுக்கு இடையே இரண்டரை அடி விட்டால்தான் மண் சட்டியோடு திரும்ப முடியும்.

நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருப்பது நல்லது. ஆனால் பந்தலை வடக்கு ஓரத்தில் போட்டால் நிழல் விழாது என்று குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் வடபுறம் சாய்ந்திருக்கிறது. நமக்கு வேண்டாதது மேற்கு வெயில். கத்திரி வெயில் நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சூடு உள்ளே நான்கைந்து அங்குலம் வரை வேரை வாட்டும். எனவே புடலை, பாகல், அவரைக்கான பந்தலை மேற்கில் போட்டு நிழல் வாங்கிக்கொள்வதும், மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பதும் பயன் தரும்.

தரையைத் தயார் செய்தல்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. வெளி அளவுக்கு நான்கு முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 9 அடி 7½ அங்குலத்தை ஒட்டிச் சமமாக வந்தால் மூலைகள் சரியான செங்கோணத்தில் இருக்கின்றன என்று பொருள். உள்ளே உள்ள புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஓரடி ஆழத்துக்குக் கடப்பாரையால் நெம்பிக் கிளறுங்கள். கோரை இருந்தால் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கித்தான் ஆகவேண்டும். அட்டைப்பெட்டியை விரித்து மூடினால் களை செத்துவிடும் என்பது கோரையிடம் செல்லாது. அது அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும், அட்டையோ கரையானுக்கு விருந்தாகும். ஒரு பாத்திக்கு அரை வாளிக் கிழங்கு பொறுக்கியிருக்கிறேன். அதில் விட்டுப்போன ஏழெட்டு, அடுத்த மாதமே தலை காட்டின.

சுவர் நிற்கும் கோட்டில் ஒன்பது அங்குல அகலமும் நான்கு அங்குல ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, அடியை நன்றாகத் திமுசுக்கட்டையால் இடித்து, இரண்டு அங்குலம் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும் ஆலையின் தூள்) பரப்பி நனைத்து மீண்டும் இடியுங்கள். இதன் மேல் வைக்கும் முதல் வரி இரண்டு அங்குலம் தரைக்குள் புதைந்திருக்கும். மழைக்காலத்தில் மண் தள்ளும்போது அடி நகராமல் பிடித்துக்கொள்வது இந்தப் புதைவுதான். முதல் வரியின் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்து, உயர்ந்ததை மரச்சுத்தியால் தட்டியும் தாழ்ந்ததன் அடியில் டஸ்ட் போட்டும் சரிசெய்யுங்கள். எதிரெதிர் மூலைகளை டியூப் மட்டத்தால் (நீர் நிரப்பிய குழாயால்) ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு மூலை அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அங்கேயே போய்ச் சேரும். முதல் வரிக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் செலவானால் நியாயம்தான். இரண்டாம் வரி அரை மணியில் முடிந்துவிடும்.

பெருச்சாளித் தொல்லை உள்ள தெருவாக இருந்தால், இரண்டாம் வரி வைப்பதற்கு முன் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலையை உள்ளே விரித்து, ஓரங்களைச் சுவரோடு நான்கு அங்குலம் மேலே மடக்கிவிடுங்கள். மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் கீழிருந்து குடைந்து தின்ற பிறகு போடுவதற்கு வழியில்லை.

இரண்டு வரிகளும் அமைந்தபின் நான்கு மூலைகளிலும், நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களிலும், குழி வழியாக மூன்றடி நீளமுள்ள 10 மில்லிமீட்டர் கம்பியை இறக்கி அடியுங்கள். வீடு கட்டி மீந்த துண்டுகளே போதும். குழிகள் ஓரளவு தள்ளி அமைந்தாலும் நடுவில் மூன்று அங்குலத்துக்கு மேல் நேர்வழி இருக்கும். கம்பியின் பாதிக்கு மேல் தரைக்குள் போய், நுனி கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். கம்பி இறக்கிய குழிகளில் சிறு ஜல்லி போட்டுக் குத்தி இறுக்குங்கள். மற்றக் குழிகளையும் வெறுமனே விடாமல் மண்ணாவது போட்டு நிரப்பிவிடுங்கள். வெற்றுக் குழியில் பூரானும் தேளும் மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தையும் குடியேறும்.

மண் நிரப்புதல்

மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 30 கன அடியை ஒட்டி மண் பிடிக்கும். அமுங்குவதற்கும் சேர்த்து 36 கன அடி கணக்கிடுங்கள். செம்மண் விற்பவர்கள் நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால், ஒரு பாத்திக்காக ஒரு யூனிட் இறக்கினால் மீதியை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழிக்க நேரும். பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். செம்மண் என்ற பெயரில் சரளையும் வருவதுண்டு. ஒரு கைப்பிடியை நனைத்து உருண்டை பிடித்து, விரலால் சுண்டிப் பாருங்கள்: பிடிபட்டு, சுண்டினால் உதிர்ந்தால் நல்ல மண், பிடிபடவே இல்லையென்றால் சரளை, சுண்டியும் உதிராமல் நசுங்கினால் களி.

ஐந்து பங்கு செம்மண், மூன்று பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு என்ற கலப்பு இங்கே எனக்கு ஒத்துவந்திருக்கிறது. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டிகள் மூன்று தேவைப்படும். அவற்றை ஊறவைத்து, சாயம்போல் இறங்கும் தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டால் உப்பு குறையும். பாத்திக்கு மூன்று கிலோ வேப்பம் புண்ணாக்கையும் கலந்துவிடுங்கள். உரத்தில் சாண வாடை அடித்தால் அது இன்னும் மக்கவில்லை. அதைப் போட்டால் சூட்டில் நாற்று கருகுவதோடு, வெள்ளை வண்டுப்புழு வேரைத் தின்னும். ஐயம் இருந்தால் கலவையை ஒரு தட்டில் போட்டு வெந்தயம் தூவிப் பாருங்கள். நான்கைந்து நாளில் சீராக முளைத்தால் நட்டுவிடலாம்.

அடியில் ஜல்லி பரப்புவது வடிகாலுக்கு உதவும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது; மேல்மண் முழுவதும் ஊறிய பிறகே சொட்டும். எனவே செலவு செய்து வேருக்கான ஆழத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். கிளறிய தரைமண்ணின் மேலேயே கலவையைக் கொட்டி, முதல் சில அங்குலத்தை மட்டும் தரைமண்ணோடு மண்வெட்டியால் புரட்டிக் கலந்துவிடுங்கள். மிதித்து அமுக்காமல், ஒவ்வொரு அரை அடிக்கும் தண்ணீர் தெளித்து அமர விடுங்கள்.

வைகாசியிலோ ஆனியிலோ கட்டி முடித்து, மூன்று வாரம் நனைத்து ஆறப்போட்டால் ஆடிப் பட்டத்துக்குப் பாத்தி தயார். இந்த அளவுப் பாத்தியில் கத்தரி ஏழு செடி, வெண்டை ஓரடி இடைவெளியில் மூன்று வரிசை, அல்லது பாதியில் கீரையும் பாதியில் மிளகாயும் போடலாம். சுவர்க் குழிகளில் கிழக்கிலும் வடக்கிலும் துலுக்கச் சாமந்தியும் ஓமவல்லியும் நன்றாக வரும். மேற்குக் குழிகள் பிற்பகலுக்குள் வறண்டுவிடும் என்பதால் அங்கே சோற்றுக் கற்றாழையைத் தவிர வேறு எதையும் நான் வைப்பதில்லை. உயர்த்திய மண் தரைமண்ணைவிட விரைவில் காயும். சித்திரை வைகாசியில் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். காய்ந்த தென்னை ஓலையோ வைக்கோலோ இரண்டு அங்குலம் பரப்பினால் ஒரு வேளை நீர் மிச்சமாகும்.

முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நூலைப் பிடித்து நீளச் சுவர்களைப் பாருங்கள். நடுவில் ஓர் அங்குலம் வரை வெளியே தள்ளியிருப்பது பெரிதல்ல. அதற்கு மேல் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்ணை வாரி வெளியே எடுத்துவிட்டு, கம்பியை உருவி, கற்களைக் கழற்றி, அடி டஸ்ட்டை மீண்டும் இடித்து மட்டம் பார்த்து வையுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்குள் மண்ணும் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். அந்தக் குறையை வெறும் செம்மண்ணால் நிரப்பாமல், தை மாத விதைப்புக்கு முன் மக்கிய உரத்தாலேயே நிரப்பிவிடுங்கள்.